முகநூலில் கடை திறப்போர் கவனத்திற்கு

முன்னரெல்லாம் ஒருவர் புதிதாகக் கடை திறந்தால் சந்தியில் பெனர் கட்டுவார். ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரிடம் துண்டுப்பிரசுரம் கொடுப்பார். இன்னும் கொஞ்சம் செலவு செய்யக்கூடியவர் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றி வருவார். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்கள் எல்லாம் பெரிய கம்பனிகளுக்கு உரியவை என்றே எமது சிறு வியாபாரிகள் எண்ணியிருந்தனர்.

இன்று அந்நிலை மாறிவிட்டது. கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும், மருதமுனை நெசவாளி தான் நெய்த சாரனைக் கொழும்பில் இருப்பவருக்குக் காட்டலாம். பேருவளை மாணிக்க வியாபாரி தனது கல்லை வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு வீடியோவில் காட்டலாம். வீட்டிலிருந்தவாறே கேக் செய்பவர்களும் அபாயா தைப்பவர்களும் கடை வாடகை இல்லாமல் வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளலாம்.

ஆயினும் இவ்வாறு ஆரம்பிக்கும் பலர் சில மாதங்களிலேயே சலித்துப்போய், "பேஸ்புக்கிலும் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று கைவிட்டுவிடுவதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் என்ன? அவர்கள் சமூக வலைத்தளத்தை ஒரு சுவரொட்டியாக நினைத்துவிடுகிறார்கள். சுவரொட்டியை ஒட்டிவிட்டு நம் பாட்டுக்குப் போகலாம். கடையைத் திறந்து வைத்துவிட்டு அப்படிப் போக முடியாது. கடையில் ஆள் இருக்க வேண்டும், பொருளுக்கு விலை இருக்க வேண்டும், இரவில் பூட்டு இருக்க வேண்டும். சமூக வலைத்தளத்தில் வியாபாரம் செய்வதும் ஒரு கடையை நடத்துவதுதான். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகிவிடும்.

எந்தத் தளம் எதற்கு?

பேஸ்புக் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. 2006இல் பொதுமக்களுக்கும், 2007இல் வியாபாரப் பக்கங்களுக்கும் இடமளித்தது. யூடியூப் 2005இலும், வட்ஸ்அப் 2009இலும், இன்ஸ்டகிராம் 2010இலும் வந்தன. வியாபாரிகளுக்கென்றே தனியான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி 2018இல் வெளியிடப்பட்டது. டிக்டொக் இவற்றுக்குப் பின்னர் வந்து இளைஞர்களிடையே வேகமாகப் பரவியது.

இவை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டிய அவசியமில்லை. புதியவர்கள் உங்களைக் கண்டுகொள்வதற்கு பேஸ்புக் அல்லது டிக்டொக், கண்டவர்கள் உங்களோடு பேசுவதற்கு வட்ஸ்அப், கடையைத் தேடி வருபவருக்கு வழி காட்ட கூகுள் வரைபடம். இம்மூன்றும் ஒரு சிறு வியாபாரிக்குத் தாராளமாகப் போதும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், கடை முகப்பின் படம் ஆகியவற்றை அதில் இட்டுவிட்டால், வெளியூரிலிருந்து வருபவர் சந்தியில் நின்று வழி கேட்கத் தேவையில்லை.

தனிப்பட்ட கணக்கு வேண்டாம்

தமது சொந்தப் பேஸ்புக் கணக்கிலேயே பிள்ளைகளின் படங்களுக்கு இடையில் வியாபாரப் பொருட்களையும் போடுவோர் பலர். இது நல்லதல்ல. தனிப்பட்ட கணக்கில் ஆகக்கூடியது 5,000 நண்பர்களையே சேர்க்க முடியும். வியாபாரப் பக்கத்துக்கு அந்த வரையறை இல்லை. அத்துடன், கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்காமலே பணியாளர் ஒருவரை அப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கலாம், அவர் வேலையை விட்டுச் சென்றால் நீக்கியும் விடலாம்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்பட்டியல், முகவரி, கடை திறக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் தானாகவே பதில் அனுப்பும் வசதியும் உண்டு. இதற்கென ஒரு தனி சிம் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விசேடமாக, வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் தமது சொந்த இலக்கத்தை விளம்பரத்தில் போடாமலிருப்பது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

எதைப் பதிவிடுவது?

மருதமுனைக் கைத்தறிச் சாரன் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தினமும் மடித்து வைத்த சாரனின் படத்தைப் போட்டு "அழைக்கவும்" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதே போன்ற படம் நூறு பேரிடம் இருக்கிறது. ஆனால் தறி ஓடும் ஓசையோடு அரை நிமிட வீடியோ ஒன்றைப் போட்டால் பார்ப்பவர் நின்று பார்ப்பார். சூரிய ஒளியில் துணியின் உண்மையான நிறத்தைக் காட்டலாம். முதற்தடவை கழுவும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். கைத்தறி நெசவில் காணப்படும் சிறு ஏற்றத்தாழ்வு குறையல்ல, அது கையால் நெய்ததன் அடையாளம் என்பதை விளக்கலாம். இயந்திரத் துணியையும் கைத்தறித் துணியையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

வாங்குபவர் கடைக்கு வந்தால் என்னென்ன கேள்வி கேட்பாரோ, அவைதாம் உங்கள் பதிவுகளுக்கான தலைப்புகள். ஒரு கிழமை முழுவதும் வாடிக்கையாளர் கேட்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமான விடயம் அதில் கிடைத்துவிடும்.

நாட்டின் பல ஊர்களில் எமது வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் சிங்கள மொழி பேசுவோர். எனவே பதிவுகள் தமிழில் மட்டுமன்றி சிங்களத்திலும் இருப்பது அவசியம். அதுவும் பிழையின்றி இருக்க வேண்டும். மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திய பின்னரே போடுங்கள்.

விலையை மறைக்காதீர்கள்

எமது நாட்டின் இணைய வியாபாரத்தில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. வாடிக்கையாளர் "என்ன விலை?" என்று கேட்டால், "இன்பொக்ஸ் வாருங்கள்" என்று பதில் வருகிறது. கடைக்குள் வந்து விலை கேட்பவரிடம், "பின்பக்கம் வாருங்கள், காதுக்குள் சொல்கிறேன்" என்று எவராவது சொல்வாரா? விலையை மறைத்தால், ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகமே எழும். விலையையும் கூரியர் செலவையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களையும் பொய்யான கூற்றுகளையும் தடை செய்கிறது. இணையத்தில் செய்வதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எழுதிய விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு ஒரு விநாடி போதும். இணையத்திலிருந்து எடுத்த வேறொருவரின் படத்தைப் போட்டு, வேறொரு பொருளை அனுப்பினால், அந்த ஒரு வாடிக்கையாளர் எழுதும் நான்கு வரிகள் உங்கள் நாற்பது விளம்பரங்களையும் அழித்துவிடும்.

லைக்கும் இலாபமும்

காசு கொடுத்துப் பதிவைப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' வசதியைப் பயன்படுத்துவோர் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறோம். விளம்பரத்துக்கு 5,000 ரூபா செலவிடுகிறீர்கள். 600 லைக் விழுகிறது. 40 பேர் விசாரிக்கிறார்கள். 8 பேர் ஓடர் தருகிறார்கள். ஒரு பொருளில் 900 ரூபா இலாபம் என்றால் மொத்தம் 7,200 ரூபா. விளம்பரச் செலவு போக மிஞ்சுவது 2,200 ரூபா.

இப்போது, பொருளைக் கையில் பெற்ற பின் பணம் கொடுக்கும் 'கேஷ் ஒன் டெலிவரி' முறையில் அனுப்பியதில் 2 பேர் பொருளை ஏற்காமல் திருப்பி விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்சலுக்குப் போகவரக் கூரியர் செலவு 800 ரூபா என்றால், 6 பேரிடம் கிடைத்த 5,400 ரூபாவிலிருந்து 1,600 ரூபா போய்விடும். விளம்பரச் செலவையும் கழித்தால் 1,200 ரூபா நட்டம். 600 லைக்கும் அப்படியே இருக்கும், ஆனால் பெட்டியில் பணம் குறைந்திருக்கும்.

இதனால் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பொருளை அனுப்பு முன் தொலைபேசியில் அழைத்து ஓடரை உறுதிப்படுத்துங்கள். மற்றையது, வாங்கிய அந்த 6 பேரின் விபரத்தையும் அவர்களது சம்மதத்துடன் பதிந்து வையுங்கள். அவர்களில் 3 பேர் அடுத்த பெருநாளைக்கு மீண்டும் வாங்கினால், விளம்பரச் செலவின்றி 2,700 ரூபா கிடைக்கும். நட்டம் 1,500 ரூபா இலாபமாக மாறும். விளம்பரத்தின் உண்மையான பயன் இரண்டாவது முறை வாங்க வருபவரிடம்தான் இருக்கிறது.

பூட்டும் சாவியும்

கடைக்கு இரண்டு பூட்டுப் போடும் நாம், பேஸ்புக் கணக்குக்குப் பிள்ளையின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். பேஸ்புக், வட்ஸ்அப் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இன்றே செயற்படுத்துங்கள். தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்து கேட்டாலும் சொல்ல வேண்டாம். அவரது கணக்கே திருடப்பட்டிருக்கலாம். கணக்கு பறிபோனால் இலங்கைக் கணினி அவசர நிலைமைகளுக்கான சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இன்னொரு மோசடி, போலி வங்கிப் பற்றுச்சீட்டு. "பணம் போட்டுவிட்டேன்" என்று சிலிப்பின் படத்தை அனுப்பிவிட்டுப் பொருளை உடனே அனுப்புமாறு அவசரப்படுத்துவார்கள். படத்தைப் பார்த்துப் பொருளை விடாதீர்கள். பணம் கணக்கில் விழுந்ததைக் கண்ட பின்னரே அனுப்புங்கள்.

வதந்தி வரும்போது

சமூக வலைத்தளங்களின் மறுபக்கத்தை எமது வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு கதை கட்டிவிடப்பட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத பணியாளர் ஒருவர் கூட்டத்தின் நெருக்குதலில் சொன்ன பதில், ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்பட்டு வீடியோவாகப் பரவியது. கடை தாக்கப்பட்டது. உணவில் அப்படி எதுவும் இருக்கவில்லை, அது வெறும் மாக்கட்டி என்பது அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் தெரியவந்தது. ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மறு மாதமே திகன சம்பவங்கள் இடம்பெற்றன. அவ்வன்முறையில் தமது தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

பெரும் அனர்த்தத்தை ஒரு தனி வியாபாரியால் தடுக்க முடியாதுதான். ஆயினும் தன் கடையைப் பற்றி ஒரு பொய் எழுதப்பட்டால், அது சூடாகு முன் பதில் சொல்லக்கூடிய இடமாக அவரது சொந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதில் வருடக்கணக்கில் எல்லாச் சமூகத்தவரும் வாங்கிப் பாராட்டி எழுதியவை இருந்தால், அவையே முதல் சாட்சி. பதில் சிங்களத்திலும் தமிழிலும், நிதானமாக, ஆதாரத்துடன் இருக்கட்டும். வசைக்கு வசை எழுதக் கூடாது. எழுதிய பொய்யைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, தளத்துக்கு முறையிடுங்கள். அச்சுறுத்தல் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

தளம் மூடப்பட்டால்?

திகன சம்பவங்களின்போது 2018 மார்ச் 7ஆம் திகதி தொடக்கம் சுமார் ஒரு வாரம் நாட்டில் பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதலின் பின்னர் மீண்டும் மாத இறுதி வரை முடக்கம். அது நீங்கி இரு வாரம் ஆகுமுன், நோன்பு மாதத்தில், மே 13ஆம் திகதி மறுபடியும் முடக்கினார்கள். பெருநாள் வியாபாரத்துக்குப் பதிவுகளை நம்பியிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் பல மணி நேரம் இதுவே நடந்தது. அரசாங்கம் தலையிடாமலும் இது நிகழலாம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் செயலிழந்தன. மூன்றும் ஒரே கம்பனிக்குச் சொந்தமானவை என்பதால் மூன்றும் ஒன்றாகவே விழுந்தன.

ஆகவே ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் கடை நீங்கள் நடத்துவதுதான், ஆனால் கட்டடம் உங்களுடையதல்ல. எந்த நேரத்திலும் கதவு சாத்தப்படலாம். உங்களுக்குச் சொந்தமானது வாடிக்கையாளரின் பட்டியல் மட்டுமே. பெயர், தொலைபேசி இலக்கம், ஊர், வாங்கிய பொருள் ஆகியவற்றை ஒரு கொப்பியிலோ கணினியிலோ எழுதி வையுங்கள். முகநூல் இயங்காத நாளில் ஓர் அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி மூலம் வியாபாரம் நடக்கும். அந்த இலக்கங்களைப் பிறருக்குக் கொடுப்பதோ, விரும்பாதவருக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புவதோ கூடாது. தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் நம் நாட்டில் சட்டமொன்றும் இயற்றப்பட்டுள்ளது.

எனவே இந்தக் கிழமையே ஆரம்பியுங்கள். வியாபாரப் பக்கம் ஒன்றைத் திறந்து, விலையோடு பத்துப் பொருட்களைப் போடுங்கள். இரட்டைப் பூட்டுப் போடுங்கள். கேட்பவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். வாங்குபவரின் பெயரை எழுதி வையுங்கள். எமது முன்னோர் கடன் கொப்பியும் நாணயமுமாகப் புறக்கோட்டையிலும் ஊர்ச் சந்திகளிலும் வளர்த்த வியாபாரம் இதுவேதான். இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.