ஞெலிகோல் தந்த நெருப்பு

தீப்பெட்டி இல்லாத காலத்தில் நெருப்பை எப்படி உண்டாக்கினார்கள்? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் விடை இருக்கிறது. அது ஒரு சங்க நூல்.

அதில் ஓர் இடையன் ஞெலிகோலை, அதாவது தீக்கடைகோலை, கையால் கடைகிறான். மெல்லிய புகை கிளம்புகிறது. பிறந்த நெருப்பில் கொள்ளி ஏற்றி, குழலுக்குத் துளை போடுகிறான். ஓரங்கள் கருகிய அந்தத் துளைகளில் பாலைப் பண் பிறக்கிறது! நெருப்பை இசைக்கருவி செய்யும் உளியாகக் காட்டிய புலவரின் கண் அபாரமானது.

இதுபோலவே யாகசாலைகளில் இன்றும் சில இடங்களில் அரணி என்னும் தீக்கடையும் கட்டையைக் கடைந்து நெருப்பு எடுக்கிறார்கள். அடிக்கட்டையின் குழியில் கடைகோலை நிறுத்தி ஒருவர் அழுத்த, கோலில் கயிற்றைச் சுற்றி இன்னொருவர் தயிர் கடைவதுபோல் மாறி மாறி இழுப்பார். அந்தக் கயிற்றை ஒரு வில்லில் கட்டிவிட்டால், உலகின் பல பழங்குடிகள் பயன்படுத்திய வில் கடைகோல் ஆகிவிடும். உராய்வுச் சூட்டில் மரத்தூள் முதலில் கறுக்கும், பிறகு புகையும், கடைசியில் கனலும். அதைத் தேங்காய் நாரில் ஏந்தி மெல்ல ஊத வேண்டும். கட்டையில் ஈரம் இருந்தால் புகைதான் மிஞ்சும்.

அடுத்த முறை குடமுழுக்குக்குப் போனால், அரணி கடையும் நேரத்தைக் கேட்டறிந்து, சற்று முன்னதாகவே போய் அருகில் நின்று பாருங்கள், நேயர்களே.