பார்லிவைன்: கசப்பை எதோடு வைத்து அளப்பது?

"கூலிங் இருக்கா?" மதுரையில் பீர் வாங்க வருகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சில்லுன்னு இருக்கணும், ஏறணும். ருசி அந்தக் கணக்கிலேயே வராது. சித்திரை வெயிலில் நிற்கிற மனுஷனைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தக் குறிப்பு அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்காத ஒரு பீரைப் பற்றியது. அதை ருசி பார்த்து மதிப்பெண் போடுவது எப்படி, அதற்கு நம்ம சமையலறை எவ்வளவு உதவும், மதுரை வெயில் எவ்வளவு கெடுக்கும் என்று நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

அது என்ன பீர்?

பேர்தான் பார்லிவைன். திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியில், அதாவது மால்ட்டில், காய்ச்சுகிற பீர்தான். ஆல்கஹால் வைன் அளவுக்கு ஏறுவதால் அந்தப் பேர். இங்கிலாந்தில் பிறந்தது. அமெரிக்காவில் 1975-இல் ஆங்கர் பிரூவரி 'ஓல்டு ஃபாக்ஹார்ன்' என்ற பெயரில் இதைக் காய்ச்சியது. 1983-இல் சியரா நெவாடா 'பிக்ஃபுட்' கொண்டுவந்தது. அமெரிக்கர்கள் செய்த மாற்றம், ஹாப்ஸை அள்ளிப் போட்டது. இங்கிலீஷ் பார்லிவைன் இனிப்புப் பக்கம் சாயும். அமெரிக்க பார்லிவைன் கசப்பைத் தூக்கிக் காட்டும்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்பதை வைத்துத்தான் பீர்காரர்கள் பேசுவார்கள். தண்ணீர் 1.000 என்றால், பார்லிவைன் சாறு 1.080 முதல் 1.120 வரை போகும். நொதித்து முடிந்ததும் 1.016 முதல் 1.030-இல் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் தோராயமாக வந்துவிடும். 1.100-இல் ஆரம்பித்து 1.022-இல் நின்றால் 0.078 × 131.25, அதாவது 10.2%. பொதுவாக 8 முதல் 12% வரை.

இந்திய உணவுத் தர விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளது 'ஸ்ட்ராங் பீர்'. 8-க்கு மேல் போனால் அதைப் பீர் என்று விற்க முடியாது. ஆக, நம்மூர் ஸ்ட்ராங் எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்லிவைன் ஆரம்பிக்கிறது. 10% பாட்டிலை இங்கே கடையில் தேடிப் பிரயோஜனமில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு.

ஹாப்ஸ் எங்கிருந்து வந்தது?

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதன் பிசினில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. சாற்றோடு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டால் அவை உரு மாறிக் கசப்பைக் கொடுக்கும். அடுப்பை அணைக்கும் நேரத்திலோ அதற்குப் பிறகோ போட்டால் வாசம் நிற்கும், கசப்பு குறைவு. கொடி நன்றாக வளர்ந்து நிறையப் பூக்க வேண்டுமென்றால் கோடையில் பகல் நீளமாக இருப்பது நல்லது. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி அட்சரேகையில் கிடக்கிறது. நம்ம நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. இந்தியாவில் ஹாப்ஸ் விளைவது இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்.

கசப்பு மட்டுமில்லை, ஹாப்ஸ் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களையும் அடக்கும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் போ பிரூவரியின் ஹாட்ஜ்சன் 'அக்டோபர் பீர்' என்ற வகையைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அறுவடை முடிந்த புது மால்ட்டிலும் புது ஹாப்ஸிலும் காய்ச்சி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வைத்துக் குடிக்கிற கனமான பீர் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் வந்தது. இந்தியாவுக்கென்றே கண்டுபிடித்த பீர் என்று ஐபிஏ-வைச் சொல்வதுண்டு, அது சரியில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த பீர், இந்தக் கடல் பயணத்தில் நன்றாகப் பழகியது, அவ்வளவுதான். ஐபிஏ, பார்லிவைன் ரெண்டுமே அந்த அக்டோபர் பீரின் சொந்தக்காரங்க.

நம்ம பக்கம் மால்ட் இல்லையா என்றால், இருந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறையே வருகிறது. அரிசிக் கூழைத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆறவைத்து, முளைத்த நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் முதிரவைத்து வடிக்கிறார்கள். 'முளை' என்பது உரைகாரர் தரும் பொருள். அது காஞ்சிப் பக்கத்துப் பாட்டு. நம்ம மதுரைக்காஞ்சியில் கள் விற்கும் இடத்துக்குக் கொடி கட்டியிருந்த செய்தி மட்டும் உண்டு. பெரும்பாணாற்றுப்படைச் செய்முறையில் 'வழைச்சு' என்று ஒரு சொல் வருகிறது. இளமை, பச்சைத்தன்மை என்று பொருள்; அது போகும் வரை முதிர வேண்டும். இன்றைக்கு பீர் ருசிப்பவர்கள் முதிராத பீரில் பச்சை ஆப்பிள் வாடை அடிக்கும் என்று குறை எழுதுகிறார்களே, அந்தக் குறைக்கு நம்மிடம் பழைய பேர் ஒன்று இருக்கிறது.

கசப்புக்கு ஒரு விகிதம்

ஒரு லிட்டரில் ஹாப்ஸ் கசப்பு ஒரு மில்லிகிராம் இருந்தால் 1 ஐபியூ. அமெரிக்க பார்லிவைன் 50 முதல் 100 ஐபியூ. பெரிய எண்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

80 ஐபியூ, அடர்த்தி 1.100 உள்ள பார்லிவைனை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியின் கடைசிப் பகுதியை 100 என்று வைத்து வகுத்தால் 0.8. இன்னொன்று ஐபிஏ: 60 ஐபியூ, அடர்த்தி 1.060, வகுத்தால் 1.0. எண்ணில் கசப்பு குறைவான ஐபிஏதான் நாக்கில் அதிகம் கசக்கும். காரணம், அதில் கசப்பைத் தாங்குகிற இனிப்பு கம்மி.

இது நமக்குப் புதுசில்லை. சித்திரை முதல் நாள் வேப்பம்பூ பச்சடி வைக்கிற வீட்டில் வெல்லம் எவ்வளவு போடணும்னு அம்மாவுக்குத் தெரியும். பூ வாசமும் கசப்பும் தெரியணும், முகம் சுளிக்கவும் கூடாது. பார்லிவைனுக்கும் அதே பரீட்சைதான். 'எவ்வளவு கசப்பு' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இந்தக் கசப்பை இந்த இனிப்பு தாங்குதா' என்று கேட்க வேண்டும். ஆல்கஹாலுக்கும் அதே கேள்விதான்.

ருசி பார்க்கிற முறை

பீர் ஜட்ஜ்களுக்கான பிஜேசிபி மதிப்பெண் தாள் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனிங்க. நுரையைப் பார்த்து மயங்குவதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

முதலில் குளிர்ச்சி. ஐஸ் போலக் குளிர்ந்தால் வாசம் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். 10 முதல் 13 டிகிரி சரி. மதுரையில் இதற்குத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறிய கிளாஸில் ஊற்றி, உள்ளங்கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாலே வந்துவிடும். ஊற்றியவுடன் ஒருதரம், கொஞ்சம் சூடேறிய பிறகு ஒருதரம் முகர்ந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு வாசமாக இருக்கும்.

வாசத்துக்குச் சொல் தேட வேண்டியதில்லை, அஞ்சறைப் பெட்டியும் பூக்கடையும் போதும். மால்ட் பக்கம்: கருப்பட்டி, வெல்லப்பாகு, உலர்திராட்சை, பேரீச்சை, ஜிகர்தண்டாவுக்குச் சுண்டக் காய்ச்சிய பாலின் அடிப்பிடிக்காத மணம். ஹாப்ஸ் பக்கம்: நார்த்தங்காய், பம்ளிமாஸ் தோல், சாம்பிராணி, சில நேரம் பூவாசம். அந்தப் பூவாசத்துக்கு ஒரு காரணம் லினலூல் என்ற பொருள். மல்லிகையிலும் அது உண்டு.

வாயில் வைத்ததும் ரெண்டு விஷயத்தைப் பிரிக்கணும். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. சுண்டைவற்றல் கசப்பு, பாக்கும் வாழைப்பூவும் துவர்ப்பு. ஹாப்ஸ் கொடுக்கவேண்டியது கசப்பு. நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு அதிகம் வந்தால், மால்ட்டின் உமியை அளவுக்கு மேல் அலசிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அறுசுவை படித்த நமக்கு இந்தப் பிரிவு சுலபம்.

அப்புறம் சூடு. 10% ஆல்கஹால் தெரியத்தான் செய்யும். சுக்குக் காபி குடித்த மாதிரி நெஞ்சில் இதமாக இறங்கினால் நல்லது. பெயின்ட் தின்னர் மாதிரி மூக்கில் ஏறினால் குறை. பெரும்பாலும் ஈஸ்டை அதிகச் சூட்டில் வேலை வாங்கியதன் விளைவு.

பக்கத்தில் காரக்கடலையும் ஊறுகாயும் வேண்டாம். உப்பு கசப்பை அமுக்கும், மிளகாய் ஆல்கஹால் சூட்டைக் கூட்டிக் காட்டும். தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

ஃபிரிட்ஜும் பரணும்

சித்தப்பா மகன் கலிபோர்னியாவிலிருந்து வந்தபோது ஒரே பிரூவரியின், ஒரே வருஷத்து பார்லிவைன் ரெண்டு பாட்டில் கொண்டுவந்தான். ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்னொன்றை வேண்டுமென்றே அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். பத்து மாதம். நடுவில் ஒரு முழுக் கோடை.

ரசாயன மாற்றம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகமாகும் என்பது ஒரு கைக்கணக்கு. ஃபிரிட்ஜ் 7 டிகிரி, பரண் 37 என்றால் எட்டு மடங்கு. பரணில் பத்து மாதம் என்பது ஃபிரிட்ஜில் ஆறரை வருஷத்துக்குச் சமம்.

எது எந்தக் கிளாஸ் என்று தெரியாமல் மூன்று பேர் ருசித்தோம். ஃபிரிட்ஜ் பாட்டிலில் பம்ளிமாஸும் சாம்பிராணியும் முன்னால், கருப்பட்டி பின்னால். கசப்பு நீளமாக நின்றாலும் இனிப்பு கையை விடவில்லை. பரண் பாட்டிலில் ஹாப்ஸ் வாசம் சுத்தமாகப் போயிருந்தது. முதலில் பேரீச்சை வாசம் நன்றாகவே வந்தது. "பழசானாலும் இது நல்லாத்தானே இருக்கு" என்றேன். கூட இருந்த தம்பி இன்னொருதரம் முகர்ந்துவிட்டு, "இல்லண்ணே, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது" என்றான். கிளாஸ் சூடேற ஏற அதுதான் மிஞ்சியது. ஆக்சிஜன் பட்டுக் கெட்ட பீரின் அடையாளம் அது. வாசம் போனபின் தனியாக நின்ற கசப்பு மொட்டையாக இருந்தது.

மூன்றாமவர் மளிகைக் கடைக்காரர். அவர் சொன்னது: "புளி பழசானா கருக்கும், ருசி கூடும். ஈரம் பட்ட புளியும் கருக்கத்தான் செய்யும். ஆனா அது வேற." பார்லிவைன் பழகுவதற்கும் கெடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டிலும் ஹாப்ஸ் குறையும், நிறம் ஆழும், உலர்பழ வாசம் வரும். பழகியதில் கடைசி வரை அந்தப் பழவாசம் நிற்கும்; கெட்டதில் அட்டை வாடை வந்து மூடிவிடும்.

ஃபிரிட்ஜ் பாட்டிலுக்கு நான் போட்டது: வாசனை 10, தோற்றம் 3, ருசி 15, கனம் 4, மொத்தம் பற்றிய அபிப்பிராயம் 7, கூட்டினால் 39. பரண் பாட்டில்: 5, 2, 9, 3, 5, ஆக 24. ஒரே பீர்தான். 15 மதிப்பெண்ணைப் பரண் சாப்பிட்டுவிட்டது.

அளவு

ருசி பார்க்க ஒருவருக்கு 60 மி.லி. போதும். 10% பார்லிவைனில் அது 6 மி.லி. ஆல்கஹால். 650 மி.லி. பாட்டில் 8% ஸ்ட்ராங் பீரைத் தனியாளாகக் காலி செய்தால் 52 மி.லி. 'ஸ்ட்ராங்' என்ற சொல் எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதை இந்த ரெண்டு எண்ணும் சொல்லிவிடும்.

பார்லிவைன் கிடைக்காதவர்கள் இந்தத் தாளைக் கையில் கிடைக்கிற எதற்கும் பயன்படுத்தலாம். இங்கே விற்கும் ஒரு ஸ்ட்ராங் பீரை 12 டிகிரிக்கு வரவிட்டு, 60 மி.லி. ஊற்றி உட்கார்ந்து பார்த்தேன். வேகவைத்த மக்காச்சோள வாடை, சர்க்கரைத்தண்ணி இனிப்பு, கசப்பு பேருக்குக்கூட இல்லை, தொண்டையில் ஸ்பிரிட் சூடு. தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாத 8%. இதையெல்லாம் மறைக்கத்தான் அந்தக் கூலிங். மூன்று பேரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண் 17, 18, 16.