'பிடிக்கலை' என்று சொன்னாலும் ரசிகைதான்! - டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பமும் 'ஸ்விஃப்டீஸ்' விமர்சனமும்

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்து, நம் ஊரில் பலரும் வேலைக்குக் கிளம்பிய காலை 9.30 மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு 12. சரியாக அந்த நேரத்தில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 12-வது ஆல்பமான 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' வெளியானது.

மொத்தம் 12 பாடல்கள். முழுதாகக் கேட்டால் 42 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சு மட்டும் வாரக்கணக்கில் ஓடியது.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. இங்கிலாந்தின் 'தி கார்டியன்' இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது. பத்திரிகை விமர்சகர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வது வழக்கம்தான். இந்த முறை கவனிக்க வைத்தது வேறு. 'ஸ்விஃப்டீஸ்' என்று அழைக்கப்படும் அவருடைய தீவிர ரசிகர்களே இந்த அளவுக்கு வெளிப்படையாக இரண்டாகப் பிரிந்து விவாதித்தார்கள். "இதுதான் அவரோட பெஸ்ட்" என்றது ஒரு தரப்பு. "அவர் எழுதினதுதானா இது?" என்று கேட்டது இன்னொரு தரப்பு.

பாப் பாடகி ஒருவரின் ஆல்பத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்து? அதைப் புரிந்துகொள்ள, இந்த ரசிகர்கள் எப்படி விமர்சகர்கள் ஆனார்கள் என்று பார்க்க வேண்டும்.

துப்பறியக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்!

டெய்லர் ஸ்விஃப்ட் 1989 டிசம்பர் 13-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நாட்டுப்புற 'கன்ட்ரி' இசைக்குப் பெயர்போன நாஷ்வில் பகுதிக்குக் குடும்பத்தோடு வந்து, 2006-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். தன் பாடல்களைத் தானே எழுதுபவர் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவருடைய அடையாளம். 2010-ல் வெளியான 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் பாடல்களை யார் துணையும் இல்லாமல் தனியாகவே எழுதினார்.

முதல் ஆல்பத்தின் சி.டி-யோடு வந்த பாடல் வரிகள் புத்தகத்தில் அவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார. எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கும். இடையிடையே மட்டும் பெரிய எழுத்து வரும். அவற்றைக் கோத்துப் படித்தால் ஒரு ரகசியச் செய்தி கிடைக்கும். பள்ளி மாணவிகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த விளையாட்டு வீடியோ, உடை, நகப்பூச்சு நிறம், தேதி என்று எல்லாவற்றுக்கும் பரவியது. 'ஈஸ்டர் எக்' என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். 2014-ல் '1989' ஆல்பம் வெளிவருவதற்கு முன், தேர்ந்தெடுத்த ரசிகர்களைத் தன் வீடுகளுக்கே வரவழைத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்.

ஐந்தாவது பாடல் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஐந்தாவதாக வருவதுதான் மனதை அதிகம் திறந்துகாட்டும் பாடல் என்று முதலில் கண்டுபிடித்தது ரசிகர்கள்தான். அதைத் தெரிந்துகொண்ட ஸ்விஃப்ட், பிறகு வேண்டுமென்றே அப்படிப்பட்ட பாடலை அந்த இடத்தில் வைக்கத் தொடங்கினார். ரசிகர்களின் விமர்சனம் ஆல்பத்தின் அமைப்பையே தீர்மானித்த இடம் இது.

கம்பெனி விட்டதை ரசிகர்கள் பிடித்தார்கள்

இந்த ரசிகர்களின் காதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு இரண்டு பாடல்கள் சாட்சி.

முதலாவது, 2012-ல் வந்த 'ரெட்' ஆல்பத்தின் ஐந்தாவது பாடலான 'ஆல் டூ வெல்'. அந்தப் பாடல் தனியாக சிங்கிளாக வெளியாகவில்லை. ஆனால், அவர் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதன் நீளமான முதல் வடிவம் ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும், அதைக் கேட்டு நச்சரித்தார்கள். 2021 நவம்பரில், 'ரெட்' ஆல்பத்தின் மறுபதிவில் 10 நிமிட வடிவம் வெளியானது. அமெரிக்காவின் 'பில்போர்டு ஹாட் 100' பட்டியலில் முதலிடம் பிடித்த மிக நீளமான பாடல் என்ற சாதனையை அது படைத்தது.

இரண்டாவது, 2019-ல் வந்த 'லவ்வர்' ஆல்பத்தின் 'க்ரூயல் சம்மர்'. அதை சிங்கிளாக வெளியிடும் திட்டம் கொரோனாவால் தள்ளிப்போனது. ரசிகர்கள் மறக்கவில்லை. 2023-ல் 'எராஸ் டூர்' இசைப் பயணத்தில் அந்தப் பாடலுக்கு அரங்கமே சேர்ந்து பாட, நான்கு வருடம் கழித்து அது சிங்கிளாக வந்து, அந்த அக்டோபரில் முதலிடத்தைத் தொட்டது.

நிறுவனமும் வானொலி நிலையங்களும் கவனிக்காமல் விட்ட பாடல்களை, திரும்பத் திரும்பக் கேட்டு மேலே தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள். அதனால்தான் இவர்கள் "இந்தப் பாட்டு சுமார்" என்று சொன்னாலும் அதற்கு ஒரு எடை இருக்கிறது.

எதிர்பார்ப்பு எங்கே ஏறியது?

2024 ஏப்ரல் 19-ல் வந்த முந்தைய ஆல்பம் 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்'. நள்ளிரவில் 16 பாடல்கள் வந்தன. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15 பாடல்கள். மொத்தம் 31! காதல் முறிவும் கோபமும் நிறைந்த கனமான ஆல்பம். அப்போது ரசிகர்களிடம் எழுந்த முக்கியமான குறை, 'நீளம் அதிகம், கொஞ்சம் வெட்டியிருக்கலாம்' என்பது.

2025 ஆகஸ்ட்டில், காதலர் டிராவிஸ் கெல்ஸியும் அவருடைய அண்ணனும் நடத்தும் 'நியூ ஹைட்ஸ்' பாட்காஸ்ட்டில் 'ஷோகேர்ள்' ஆல்பத்தைப் பற்றி அறிவித்தார் ஸ்விஃப்ட். இந்த முறை 12 பாடல்கள்தான், கூடுதலாக எதுவும் இல்லை என்றார். ஐரோப்பாவில் எராஸ் டூர் நடந்துகொண்டிருந்தபோது, இடையிடையே ஸ்வீடனுக்குப் பறந்து பதிவு செய்தது என்றும் சொன்னார். உடன் பணியாற்றியவர்கள் மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும்.

இந்த இரண்டு பெயர்களைக் கேட்டதுமே ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். 'ரெட்', '1989', 'ரெப்யூட்டேஷன்' ஆல்பங்களின் பெரிய ஹிட்கள் இந்தக் கூட்டணியில் வந்தவை. 2017-க்குப் பிறகு மீண்டும் சேர்கிறார்கள். போதாததற்கு, 149 நிகழ்ச்சிகள் கொண்ட, 200 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் விற்ற அந்த இசைப் பயணத்தின் திரைமறைவுக் கதையைப் பாட்டாகக் கேட்கப்போகிறோம் என்று பலர் மனதுக்குள் ஒரு ஆல்பத்தையே உருவாக்கி வைத்துக்கொண்டார்கள்.

பாராட்டும் புகாரும்

பாராட்டியவர்கள் முதலில் சொன்னது, 'அப்பாடா, இவர் சந்தோஷமாக இருக்கிறார்!' முதல் பாடலான 'தி ஃபேட் ஆஃப் ஒஃபீலியா', ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் மனம் பேதலித்து நீரில் மூழ்கி இறக்கும் ஒஃபீலியாவை எடுத்துக்கொள்கிறது. அந்த முடிவிலிருந்து காதல் தன்னைக் காப்பாற்றியது என்று கதையைத் திருப்புகிறார். அந்த வீடியோவின் நடனத்தை ரசிகர்கள் ஆடிப் பதிவிட, பாடல் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'ஓபலைட்' பாடலின் துள்ளலுக்கும் தனி ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

கதை சொல்லும் பழைய ஸ்விஃப்ட்டைத் தேடியவர்களுக்கு 'ரூயின் தி ஃப்ரெண்ட்ஷிப்' கிடைத்தது. பள்ளிக்காலத்தில் ஒரு நண்பனிடம் மனதைச் சொல்லாமலே விட்டுவிட்ட பெண், பின்னாளில் அவன் இறந்த செய்தியைக் கேட்கிறாள். நட்பு கெட்டுவிடுமோ என்று பயந்து சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்பதுதான் பாட்டு. ஆல்பத்தைப் பிடிக்காதவர்கள்கூட இதை விட்டுக்கொடுக்கவில்லை.

புகார்களில் முதலிடம் வரிகளுக்கு. ஒரு காட்சியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துபவர் இந்த முறை மேலோட்டமாக எழுதிவிட்டார் என்றார்கள். 'வுட்' பாடலின் இரட்டை அர்த்தம் சிலருக்குச் சிரிப்பாகவும் சிலருக்குச் சங்கடமாகவும் இருந்தது. 'ஆக்சுவலி ரொமான்டிக்' பாடலில் யார் பெயரும் இல்லை. ஆனாலும், பாடகி சார்லி எக்ஸ்.சி.எக்ஸ்-ஸின் ஒரு பாடலுக்கு இது பதில் என்று கணித்த ரசிகர்கள், 'சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய அடியா?' என்று கேட்டார்கள். மேடைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லும் பாடல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்ற ஏமாற்றமும் இருந்தது.

மூத்த மகள் பாட்டு

அதிகம் விவாதிக்கப்பட்டது, எல்லோரும் காத்திருந்த ஐந்தாவது பாடல் 'எல்டஸ்ட் டாட்டர்'. தலைப்பைப் பார்த்ததும் உலகெங்கும் உள்ள மூத்த மகள்கள் கைக்குட்டையோடு தயாரானார்கள். தம்பி தங்கைக்கு இரண்டாவது அம்மாவாக இருப்பது, அழுதால்கூட யாருக்கும் தெரியாமல் அழுவது... நம் வீடுகளில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஸ்விஃப்ட்டும் தம்பியோடு பிறந்த மூத்த மகள்தான்.

ஆனால், பாட்டு தொடங்குவது இணைய உலகில் எல்லோரும் 'கூல்' ஆகக் காட்டிக்கொள்வதைப் பற்றி. அந்தப் பகுதியில் இணையத்தில் புழங்கும் கொச்சைச் சொற்கள் வருகின்றன. 'ரெண்டு வருஷத்துல இந்த வார்த்தையெல்லாம் பழசாகிடும்' என்றது ஒரு தரப்பு. 'அதுதானே விஷயம்? அந்தப் பொய்ப் பேச்சைப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு அதைக் கழற்றி வைக்கிறார். கடைசிப் பகுதியைக் கேளுங்கள்' என்றது இன்னொரு தரப்பு.

நான் மூன்று முறை கேட்டேன். முதல் முறை, முதல் தரப்பு சொல்வது சரி என்று பட்டது. மூன்றாவது முறை, நடுவில் குழந்தைப் பருவத்தைப் பற்றி வரும் இடத்தில் கொஞ்சம் இளகினேன். ஆரம்ப வரிகள் இப்போதும் உறுத்தத்தான் செய்கின்றன. இரண்டும் ஒரே ஆளுக்குத் தோன்றலாம், இல்லையா?

குறை சொன்னால் துரோகியா?

விவாதம் சூடான இடம் இதுதான். குறை சொன்ன ரசிகர்களைப் பார்த்து 'நீ உண்மையான ஸ்விஃப்டியே இல்லை' என்று பாய்ந்தவர்கள் உண்டு. பாராட்டியவர்களை 'கண்மூடித்தனமான கூட்டம்' என்று கேலி செய்தவர்களும் உண்டு.

இதற்கு ஒரு கசப்பான முன்கதை இருக்கிறது. 2024-ல் 'பேஸ்ட்' என்ற அமெரிக்க இதழ், 'டார்ச்சர்டு போயட்ஸ்' பற்றிய தன் கடுமையான விமர்சனத்தை எழுதியவர் பெயர் இல்லாமலே வெளியிட்டது. 2019-ல் 'லவ்வர்' ஆல்பத்தை விமர்சித்தவருக்கு மிரட்டல்கள் வந்ததால் இந்த முடிவு என்று காரணமும் சொன்னது. பாட்டு பிடிக்கவில்லை என்று எழுதியவரின் பெயரை மறைக்க வேண்டிய நிலைமை வந்தால், அதை அன்பு என்று எப்படிச் சொல்வது?

அந்த வகையில் 'ஷோகேர்ள்' விவாதத்தில் ஒரு நல்ல மாற்றம் தெரிந்தது. கேள்வி கேட்டவர்களில் பெரும்பகுதி உள்ளே இருந்தவர்கள். 30-க்கும் மேற்பட்ட வடிவங்களில் ஆல்பத்தை விற்றதை, 'எங்க பர்ஸையும் கொஞ்சம் பாருங்க' என்று கண்டித்தவர்கள் ரசிகர்களே. விளம்பர வீடியோக்கள் சில ஏ.ஐ-யால் உருவாக்கியதுபோல இருக்கின்றன என்று சந்தேகப்பட்டு ஹேஷ்டேக் போட்டவர்களும் ரசிகர்களே. இதையெல்லாம் வெளியாட்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு ஃபிரேமையும் உற்றுப் பார்க்கப் பழகிய கண்களுக்குக் குறையும் சேர்ந்தே தெரியும்.

விற்பனையை இது பாதிக்கவில்லை. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட யூனிட்கள். 2015-ல் அடேலின் '25' ஆல்பம் படைத்த சாதனை முறியடிக்கப்பட்டது. ஹாட் 100 பட்டியலின் முதல் 12 இடங்களிலும் இந்த ஆல்பத்தின் 12 பாடல்கள்.

ஸ்விஃப்ட் என்ன சொன்னார்? ஆப்பிள் மியூசிக் பேட்டியில், இந்தக் களேபரத்தை வரவேற்பதாகச் சொன்னார். முதல் வாரத்தில் யார் என்ன சொல்லி என் பெயரை உச்சரித்தாலும் அது எனக்கு உதவிதான் என்றார். கலையைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம், அதைத் தடுக்கத் தான் போலீஸ் இல்லை என்ற பொருளிலும் பேசினார். அதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. இருந்தாலும், அவரே அனுமதித்த கருத்துச் சுதந்திரத்தை அவருடைய ரசிகர்கள் ஒருவருக்கொருவர் மறுப்பது வேடிக்கை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2017-ல் 'ரெப்யூட்டேஷன்' வந்தபோதும் கருத்துகள் கலவையாகத்தான் இருந்தன. இன்று அதற்கென்றே உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 'ஷோகேர்ள்' அப்படி மேலே வருமா, இல்லை ஓரமாகப் போய்விடுமா என்பதை முதல் வாரத் தரவரிசைகள் சொல்லிவிடாது.

இதுவரை கேட்காதவர்கள், 'ஒஃபீலியா', 'ரூயின் தி ஃப்ரெண்ட்ஷிப்', 'எல்டஸ்ட் டாட்டர்' மூன்றையும் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஸ்விஃப்டி மகளோ மகனோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும் உண்மையான கருத்தைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். அடுத்த ஒரு மணி நேரம் அவர்கள் உங்களோடு வாயாடுவார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு, போனைக் கீழே வைத்துவிட்டு!