குடிபோதையில் வாகனம்: நடைபாதையில் இறப்பவருக்கு எந்தப் பிரிவு?

2006 நவம்பர் 12 அன்று அதிகாலை, மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஒன்று ஏறியது. ஏழு பேர் இறந்தனர். எட்டுப் பேர் காயமுற்றனர். ஓட்டியவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் மது இருந்தது. சட்டத்தின் வரம்போ 30 மில்லிகிராம்.

விசாரணை நீதிமன்றம் இதனைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாகக் கருதி, இந்திய தண்டனைச் சட்டம் 304அ பிரிவின்கீழ் ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம், மரணம் நேரக்கூடும் என அறிந்தே செய்த குற்றமென 304 பிரிவின் இரண்டாம் பகுதியைப் பொருத்தி, மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இத்தண்டனையும் மிகக் குறைவே. ஆயினும் உயர்த்தக் கோரி அரசு மேல்முறையீடு செய்யவில்லை என்றும் அது குறிப்பிட்டது. ஏழு உழைப்பாளரின் உயிருக்காக வாதிட வேண்டிய அரசே அங்கு மௌனம் காத்தது.

அந்த வேறுபாடு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் உச்சத் தண்டனை ஐந்தாண்டு. 105 பிரிவின் இரண்டாம் பகுதியில் பத்தாண்டு. முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதிலேயே வழக்கின் திசை பெரிதும் அமைந்துவிடுகிறது.

அடுத்தது சான்று. குடித்து ஓட்டியதற்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நேரம் கடக்கக் கடக்க இரத்தத்தில் மதுவின் அளவு இறங்கும். தாமதம் குற்றவாளிக்கே துணை. 2024ஆம் ஆண்டின் புனே கார் வழக்கில் இரத்த மாதிரியே மாற்றப்பட்டதாகக் காவல்துறை குற்றஞ்சாட்டியது.

தண்டத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 2019 திருத்தம் முதல் குற்றத்திற்கான அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தியது. கூலித் தொழிலாளிக்கு அது பல நாள் ஊதியம். சொகுசுக் கார் உரிமையாளருக்கு ஓர் இரவு விருந்துச் செலவு. இழப்பீட்டிலோ இது தலைகீழாகிறது. இறந்தவரின் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டே தீர்ப்பாயம் தொகையைக் கணக்கிடுகிறது. ஊதியச் சீட்டு இல்லாத தூய்மைப் பணியாளரின் உயிர் அங்கு மலிவாக மதிக்கப்படுகிறது. விடியுமுன் சாலையைக் கூட்டுவோரில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதால் இது சாதியின் கணக்கும் ஆகும்.

குடித்துவிட்டு ஓட்டுவதை வீரமாகப் பேசிய காலம் மெல்ல மாறிவருகிறது. ஆனால் "விதி", "குறுக்கே வந்துவிட்டான்" என்னும் சொற்கள் இன்னும் மாறவில்லை. குடிப்பவர் நம் தெருவைச் சேர்ந்தவராயினும் சாவியை வாங்கி வைப்பதே அறம். மரணம் நேர்ந்துவிட்டால் களப்பணியாளர் உடனே கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பிரிவில் வழக்கு? எத்தனை மணிக்கு இரத்தம் எடுக்கப்பட்டது? இறந்தவரின் ஊதியத்திற்கு யார் சாட்சி?