சூட்டுக்குறியும் சிலுவையும்

மிசௌரி ஆற்றைத் தாண்டி மேற்கே போகப் போக மரங்கள் குறைந்து, கடைசியில் புல்லும் வானமும் மட்டுமே மிஞ்சும் நிலம் அமெரிக்காவின் வட சமவெளி. வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களின் மேற்குப் பாதி, மொன்டானாவின் கிழக்குப் பகுதி, வயோமிங், நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள் எல்லாம் இதில் அடங்கும். மாடு வளர்ப்பதற்கென்றே அங்கே இருக்கும் பரந்த மேய்ச்சல் பண்ணைகளை ராஞ்ச் என்கிறார்கள். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களின் மனத்தில் கௌபாய் என்றதும் ஓர் உருவம் எழும்: ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி, யார் தயவும் வேண்டாத ஒற்றை ஆள். அமெரிக்கர்களும் அந்த உருவத்தைத்தான் தங்கள் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் நான்கைந்து தலைமுறையாக அதே மண்ணில் மாடு மேய்க்கும் குடும்பங்கள் எதை நினைவில் வைத்திருக்கின்றன, எதை எழுதி வைத்திருக்கின்றன, எங்கே போய் மண்டியிடுகின்றன என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. அங்கே நிலைத்தவர்கள் பிறர் கைகொடுத்ததால் நிலைத்தவர்கள். பட்ட கடனை மறக்காமலிருப்பதை ஒரு பழக்கமாக்கியதில் அவர்களுடைய சமயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொள்கிறவர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: அந்தக் கடன் கணக்கில் வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

இந்தப் பாரம்பரியத்தின் தொடக்கமே ஒரு பெருந்தோல்வி. நார்தர்ன் பசிபிக் ரயில்பாதை 1883-ல் முடிந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் பைசன் என்னும் காட்டெருமைகளின் வடக்கு மந்தை தோலுக்காகச் சுட்டு ஒழிக்கப்பட்டது. காலியான புல்வெளியில் நியூயார்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் பணம் வந்து கொட்டியது. டெக்சஸிலிருந்து மாடுகளை ஓட்டிவந்து திறந்த வெளியில் விட்டார்கள். வேலி இல்லை, குளிர்காலத்துக்கென்று புல் அறுத்துப் போர் போடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. 1886 கோடையில் மழை பொய்த்தது. அளவுக்கு மீறிய மாடுகள் இருந்த புல்லையும் மேய்ந்து தீர்த்தன. குளிர்காலம் முன்கூட்டியே வந்தது. இடையில் சற்றே உருகிய பனி மறுபடி உறைந்து, தரைமேல் கண்ணாடித் தகடாக இறுகியது. பைசன் தன் பெரிய தலையால் பனியை ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள புல்லை மேயும். மாட்டுக்கு அது கைவராத வித்தை. 1887 வசந்தத்தில் பனி கரைந்தபோது பள்ளத்தாக்குகளில் பிணங்கள் குவிந்து கிடந்தன. பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் வளர்த்த தன் மாடுகளில் பாதிக்கு மேல் இழந்தார். அயல்நாட்டு முதலாளிகள் பலர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மொன்டானாவின் பெரும் மாட்டுச் செல்வரான கான்ராட் கோர்ஸ் தப்பினார். எப்படியென்றால், பியூட் நகர வங்கியாளர் ஒருவர் அவரை நம்பி 1 லட்சம் டாலர் கடன் கொடுத்தார். தன் கையே தனக்குதவி என்பதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் மனிதரின் கதையிலேயே நடுவில் இன்னொருவரின் கை இருக்கிறது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் சிறிய மந்தை, வேலி, குளிர்காலப் புல், வீட்டோடு இருந்து மாட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் என்ற அமைப்பு வேரூன்றியது.

அந்தக் குடும்பங்களுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? பலருக்கு அரசாங்கத்திடமிருந்து. 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும். மணமாகாத பெண்களும் விதவைகளும்கூடத் தம் பெயரில் மனுப் போடலாம், போட்டார்கள். மழை வளமுள்ள கிழக்குப் பகுதிக்கு 160 ஏக்கர் தாராளம். மேற்கே ஒரு பசுவும் கன்றும் ஆண்டு முழுக்க மேய 20 அல்லது 30 ஏக்கர் தேவைப்படும் இடங்கள் உண்டு; அந்தக் கணக்கில் 160 ஏக்கர் ஏழெட்டுப் பசுக்களுக்கு மேல் தாங்காது. அரசு இதை மெல்லத்தான் புரிந்துகொண்டது: 1909-ல் 320 ஏக்கர், 1916-ல் மாடு வளர்ப்போருக்கென்று 640 ஏக்கர். அதற்குள் ரயில்வே விளம்பரங்களை நம்பி வந்த பல்லாயிரம் பேர் கோதுமைக்காகப் புல்லை உழுதுவிட்டார்கள். 1917-ல் தொடங்கிய வறட்சி மொன்டானாவை உலுக்கியது. வங்கிகளில் பாதி முறிந்தன. மக்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். 1930-களின் வறட்சி மிச்சமிருந்தவர்களையும் சலித்தெடுத்தது. இன்று நூறாண்டு கண்ட பண்ணைகள் என்று பெருமைப்படும் பலவற்றின் பரப்பில், தோற்றுப் போன அண்டை வீட்டாரின் நிலமும் கலந்திருக்கிறது. பயிருக்கு ஒவ்வாத நிலத்தை அரசே திரும்ப வாங்கித் தேசியப் புல்வெளிகளாக்கியது. அங்கே இன்றும் குத்தகை கட்டிப் பண்ணையார்கள் மாடு மேய்க்கிறார்கள். பொது நிலமும் பொதுப் பணமும் இல்லாத ராஞ்ச் வரலாறு அரிது.

உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக இதற்கு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். மார்ச் மாதத்து நடு இரவில், உறைநிலைக்குக் கீழே எத்தனையோ டிகிரி குளிரில், தலை திரும்பிக்கொண்ட கன்றைப் பசுவின் வயிற்றிலிருந்து இழுத்தெடுத்து, உறைந்துவிடாமல் சமையலறை அடுப்பருகே கொண்டுவந்து கிடத்துகிற வேலையை எந்த அரசாங்கமும் செய்து கொடுக்கவில்லை. பக்கத்து வீடு பல மைல் தள்ளி. அந்தத் தனிமை உண்மை. அதில் சிலர் மனம் உடைந்ததும் உண்மை. ஆனால் கடுமையாக உழைத்தவர்கள்தான் தோற்றும் போனார்கள். விட்டுப் போனவர்கள் சோம்பேறிகள் என்று நினைக்க எந்தச் சான்றும் இல்லை. இரு சாராரும் ஒரே மாதிரி உழைத்திருக்க, ஒருவர் நிலைத்து மற்றவர் பெயர்ந்தார் என்றால், வித்தியாசத்தை வேறெங்கோ தேட வேண்டும்: கிடைத்த நிலத்தின் தன்மை, வந்த ஆண்டு, கடன் கொடுத்தவரின் பொறுமை, ஆபத்துக்கு ஓடிவந்த சொந்தபந்தம். குடும்பங்களுக்கே இது தெரியும். டகோட்டாக்களும் மொன்டானாவும் மாநிலங்களானது 1889-ல். அந்தந்த ஊரின், மாவட்டத்தின் 50, 75, 100ஆம் ஆண்டு விழாக்களுக்கு மக்களே நிதி திரட்டித் தடித்த நினைவு மலர்கள் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதித் தந்தது. இலக்கிய நயம் தேடிப் படிக்க வேண்டியவையல்ல அவை. எந்தக் கப்பல், எந்த ஊர், யார் வீட்டில் முதல் குளிர்காலம் தங்கினோம், பிரசவம் பார்த்தது யார், ஆலங்கட்டி மழையில் எல்லாம் போன ஆண்டு விதை கொடுத்தது யார் என்கிற ரீதியில் அவை போகும். வென்றதைவிட வாங்கியதை அதிகம் பதிவு செய்யும் எழுத்து அது.

சமயம் இதில் எங்கே வருகிறது? அந்த நாட்டுப்புறத்தில் குடியேறியவர்கள் கூடி எழுப்பிய முதல் பொதுக் கட்டடங்களில் ஒன்று தேவாலயம். நார்வேயிலிருந்து வந்த லூத்தரன்கள், போஹீமியக் கத்தோலிக்கர்கள், ரஷ்யாவின் கருங்கடல் ஓரத்தில் பல தலைமுறை வாழ்ந்துவிட்டு வந்த ஜெர்மானியர்கள் எல்லோரும் தங்கள் வீடு மண்சுவராக இருக்கும்போதே கோயிலுக்கு மரம் வாங்கினார்கள். குருவானவர் மாதத்துக்கொரு முறை வந்தால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் தாங்களே ஜெபம் படித்தார்கள், தங்கள் குழந்தைகளைத் தாங்களே அடக்கம் செய்தார்கள். வடக்கு டகோட்டாவில் ஜெர்மானிய ரஷ்யர்களின் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் இரும்புச் சிலுவைகள் ஊர்க் கொல்லர்கள் அடித்தவை; சூரியக் கதிர், இலை, கொடி என்று வளைந்து வளைந்து போகும் வேலைப்பாடு. கலப்பையைச் செப்பனிட்ட அதே உலையில் அடித்த சிலுவைகள். 1989-ல் அந்தத் தோட்டங்கள் பல தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் சேர்ந்தன. அதற்கு முழுத் தகுதி அவற்றுக்கு உண்டு. மழையும் புல்லும் கன்று பிழைப்பதும் தன் கையில் இல்லை என்று வாரந்தோறும் வாய்விட்டுச் சொல்கிற மனிதன், எல்லாம் நானே செய்தேன் என்று சொல்லக் கூசுவான். அந்தக் கூச்சத்தை வளர்த்ததுதான் இந்தச் சிறு கோயில்கள் செய்த பெரும்பணி.

கோயில் இணைத்ததைவிடப் பிரித்ததே அதிகம் என்பவர்கள் உண்டு. நார்வே லூத்தரன்களே பல பிரிவாகி, ஒரே ஊரில் எதிரெதிரே இரண்டு கோயில் கட்டினார்கள். பெரும் பிரிவுகள் ஒன்று சேர 1917 ஆனது. கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் இடையே திருமணம் என்றால் வீடு இரண்டுபட்டது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கோயில் கற்றுக்கொடுத்த பழக்கம் கோயில் சுவருக்குள் நிற்கவில்லை என்பதற்கு வசந்தத்தில் நடக்கும் குறிசுடும் நாளே சாட்சி. ஒரு பண்ணையின் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட ஒரு குடும்பம் போதாது. குதிரைமேலிருந்து சுருக்குக் கயிறு வீச ஆள், கன்றைத் தரையில் அமுக்கிப் பிடிக்க ஆள், தடுப்பூசி போட, காயடிக்க, பழுத்த இரும்பை வைக்க ஆள். சுற்றுவட்டாரமே திரளும். கூலி கிடையாது, வீட்டுக்காரர்கள் போடும் சாப்பாடுதான். அடுத்த வாரம் அடுத்த பண்ணைக்கு இவர்கள் போவார்கள். யார் எந்த ஆலயத்துக்குப் போகிறவர் என்று அங்கே கேட்பதில்லை. சூட்டுக்குறியே ஒரு குடும்ப ஆவணம்: மாநில அரசிடம் பதிவாகி, தாத்தாவிடமிருந்து பேத்திக்கு எழுதி வைக்கப்படுவது. வீட்டு வாசல் வளைவில், சவப்பெட்டியில், கல்லறைக் கல்லில் சிலுவைக்குப் பக்கத்திலேயே அதைப் பொறிக்கிறவர்கள் உண்டு.

இது பழங்கதை என்று தள்ள முடியாதபடி 2013 அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. அட்லஸ் என்று பெயரிடப்பட்ட பனிப்புயல் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியைத் தாக்கியது. முதலில் குளிர்ந்த மழை. பிறகு சூறைக்காற்றோடு அடிக்கணக்கில் பனி. மாடுகள் இன்னும் கோடைக்கால மேய்ச்சலில் இருந்தன. குளிர்கால ரோமம் வளரவில்லை. நனைந்த உடம்போடு காற்றின் போக்கில் மைல்கணக்கில் நடந்து, பள்ளங்களிலும் ஓடைகளிலும் விழுந்து பல்லாயிரம் மாடுகள் செத்தன. எந்த மாடு யாருடையது என்பதைச் சூட்டுக்குறியும் காதுப் பட்டையும்தான் காட்டின. அந்த வாரம் மத்திய அரசு பட்ஜெட் தகராறில் முடங்கிக் கிடந்தது. கால்நடை இழப்பீட்டுத் திட்டம் காலாவதியாகியிருந்தது. அது உயிர்பெற 2014 ஆயிற்று. அதுவரை காத்திராமல் மொன்டானாவிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் முன்பின் அறியாத பண்ணையார்கள் தங்கள் மந்தையிலிருந்து கிடேரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். கிடேரி என்றால் வருங்காலக் கன்றுகள். ஒரு மந்தையை மீட்டெடுக்க அதைவிடப் பெரிய தானம் இல்லை.

இப்போது வேலிக்கு வெளியே பார்க்க வேண்டும். 1868-ன் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம் மிசௌரிக்கு மேற்கேயுள்ள இன்றைய தெற்கு டகோட்டா முழுவதையும் லகோட்டா என்னும் பழங்குடி மக்களுக்கு உறுதி செய்தது. 1877-ல் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி பறிக்கப்பட்டது. 1889-ல் எஞ்சிய நிலத்தைத் துண்டாடி, சுமார் 90 லட்சம் ஏக்கரைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நினைவு மலர்களில் ‘காலி நிலம்’ என்று வருவது இதுதான். பைசன் போன பிறகு லகோட்டாக்களும் மாடு வளர்த்தார்கள், நன்றாகவே வளர்த்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பைன் ரிட்ஜ் என்ற லகோட்டா ஒதுக்கீட்டுப் பகுதியின் மந்தைகள் விற்கப்பட்டு, நிலம் வெளியாருக்குக் குத்தகைக்குப் போனது. பிறகு மிசௌரியில் ஓவாஹி அணை எழுந்தது. ஸ்டாண்டிங் ராக், ஷையன் ரிவர் என்ற இரு ஒதுக்கீட்டுப் பகுதிகளிலும் சேர்த்து 1,60,000 ஏக்கர் மூழ்கியது. குளிர்காலத்தில் மாடுகள் ஒதுங்கிய ஆற்றோர மரக்காடுகள் அதோடு போயின. சமயத்திலும் அவர்கள் அந்நியர் அல்லர். லகோட்டாக்களின் பழைய வழிபாட்டு மரபில் ஊறிய பிளாக் எல்க் 1904-ல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக ஊர் ஊராகப் போதித்தவர். அவரைப் புனிதராக அறிவிக்கும் முயற்சி 2017-ல் தொடங்கியது.

முப்பாட்டன் காலத்து அநியாயத்துக்கு இன்று கன்று பிடிக்கிறவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். குற்றத்தைப் பேரன் சுமக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். முப்பாட்டனின் துணிச்சலைத் தன் சொத்தாகக் கொண்டாடுகிறவர், அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்த சட்டத்தையும் சேர்த்துத்தான் நினைவுகூர முடியும். அதோடு, இது முப்பாட்டன் காலத்தோடு முடியவும் இல்லை. விவசாயத் துறைக் கடன்களில் பழங்குடியினர் பாகுபாட்டுக்கு ஆளானதாக ஸ்டாண்டிங் ராக்கைச் சேர்ந்த ஜார்ஜ், மேரிலின் கீப்ஸ்ஈகிள் என்ற பண்ணைத் தம்பதியரும் மற்றவர்களும் 1999-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் அரசு 68 கோடி டாலர் இழப்பீட்டுக்கும் 8 கோடி டாலர் கடன் தள்ளுபடிக்கும் இணங்கியது. ஒரு குளிர்காலத்தைக் கடக்க வங்கிக் கடன் எவ்வளவு முக்கியம் என்று கோர்ஸின் கதையை வைத்து அறிந்தவர்களுக்கு, அந்தக் கடன் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளேயே விடுபட்ட பெயர்களும் உண்டு. நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் பிறந்த மாரி சாண்டோஸ் 1935-ல் வெளியிட்ட ‘ஓல்ட் ஜூல்ஸ்’ நூலில், நிலத்தைப் பண்படுத்திய தன் தந்தை வீட்டில் காட்டிய வன்முறையையும் மறைக்காமல் எழுதினார். மொன்டானாவின் ஜூடி பிளண்ட் 2002-ல் வந்த தன் நினைவு நூலில், பண்ணையில் ஆணுக்குச் சமமாக உழைக்கும் பெண்ணுக்கு அந்தப் பண்ணை ஒருநாளும் உரியதாகாத வலியைப் பதிவு செய்தார். இன்று அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1 என்கிறது 2022 கணக்கெடுப்பு. பல பிள்ளைகள் நகரத்தோடு போய்விட்டார்கள். சமவெளிக் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. இருக்கும் பங்குகள் சிலவற்றில் இந்தியாவிலிருந்து போன குருமார்கள் பூசை வைக்கிறார்கள். பண்ணையைத் தொடர முன்வரும் பிள்ளைகளில் மகள்களும் மருமகள்களும் கணிசம். அதே கணக்கெடுப்பில் விவசாயம் செய்வோரில் 36 சதவீதம் பெண்கள். மொன்டானாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை சூட்டுக்குறிகளை மறுபதிவு செய்ய வேண்டும். சென்ற முறை 2021-ல் நடந்தது. அடுத்தது 2031-ல் வரும். யார் பெயரை எழுதுவது என்று அதற்குள் அந்தக் குடும்பங்கள் முடிவு செய்தாக வேண்டும்.