ஐப்பசி மழையில் தோட்டத்துக்கு வரும் விருந்தாளிகள்

மேல்நாடுகளில் அக்டோபர் மாதம் வந்தால் மரங்கள் இலைகளை உதிர்க்கும். தோட்டங்கள் மொட்டையாகும். மல்லாங்கிணற்றில் நடப்பது அதற்கு நேர்மாறு!

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் வழியில் உள்ள ஊர் இது. சுற்றிலும் கரிசல் மண். கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் மண் தண்ணீரைக் குடித்து உப்பும். வெடிப்புகள் மூடிக்கொள்ளும். சில நாட்களில் வேலியோரம் பச்சை பிடித்துவிடும். ஆடியில் விதைத்த அவரை பந்தலில் படரும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைக்கிறது. அந்த மழையோடு தோட்டத்துக்கு விருந்தாளிகளும் வருகிறார்கள்.

தீப்பெட்டிக்குள் பட்டுப்பூச்சி

மழை விட்ட காலையில், ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட் துணித் துண்டு ஒன்று நகர்ந்து போகும். அதுதான் தம்பலப்பூச்சி. பட்டுப்பூச்சி என்றும் சொல்வார்கள். சிறுவர்கள் அதைப் பிடித்துக் காலித் தீப்பெட்டியில் போட்டு, புல்லும் வைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் அசையாமல் கிடக்கும்.

"புல்லு போட்டேனே பாட்டி, ஏன் திங்கலை?" என்று பேரன் அழுவான்.

அது புல் தின்னும் பிராணி அல்ல! அதற்கு எட்டுக் கால்கள் உண்டு. சிலந்தியின் உறவு. பூச்சிகளின் முட்டைகளையும் கறையான்களையும் தின்று, தோட்டக்காரனுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்து, மழைக்குத்தான் இணை தேடி மேலே வருகிறது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் அடைத்தால் அதன் வம்சமே அற்றுப்போகும். கையில் வைத்துப் பார்க்கலாம். பார்த்தபின் மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.

கடல் தாண்டும் தட்டான்

தோட்டத்துக்கு மேலே கூட்டமாகத் தட்டான்கள் பறக்கின்றனவே, அவை எங்கே போகின்றன தெரியுமா? அவற்றில் ஒரு வகை ஆப்பிரிக்காவரை போகிறது! இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து செல்கின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ஆம் ஆண்டு எழுதினார். பருவக் காற்றே அவற்றுக்கு வாகனம். போன தட்டான் திரும்புவதில்லை. அதன் சந்ததிதான் திரும்பி வருகிறது.

ஆறுமணிக் குருவி

விருந்தாளிகளில் அழகு மிகுந்தது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர். மைனாவைவிடச் சிறியது, வால் குட்டை. பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று பல நிறங்கள் அதன் உடலில் உண்டு. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீட்டியடிப்பதுபோலக் குரல் கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. பயணம் இரவில். பறந்து களைத்து, சில சமயம் வீட்டு முற்றத்திலேயே விழுந்துவிடும். அப்போது நாய், பூனை எட்டாதபடி, துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். தெளிந்ததும் மரத்தடியில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அதன் உணவு, உதிர்ந்த இலைகளுக்கு அடியில் இருக்கும் புழு பூச்சிகள். ஆகவே தோட்டத்துச் சருகை முழுவதும் கூட்டிக் கொளுத்தினால், விருந்தாளிக்கு இலை போடாமல் விரட்டியதாகும்!

வெடியும் பறவையும்

பறவைகள் வந்து இறங்கும் அதே நாட்களில்தான் தீபாவளியும் வருகிறது. சிவகாசிப் பட்டாசால் இந்த மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. வெடியே வேண்டாம் என்று இங்கே யார் சொல்ல முடியும்?

ஆனால் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அதிசயம் நடக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு நத்தைகுத்தி நாரைகளும் மற்றப் பறவைகளும் கூட்டமாக வருகின்றன. 1977-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமானது. பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக, இந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டுச் சத்தத்தை விரும்பும் குழந்தைகள் அங்கேயும் உண்டு. இருந்தும், ஊரே அந்த ஆசையை விட்டுக்கொடுத்திருக்கிறது.

எல்லா ஊரும் அப்படிச் செய்ய முடியாமல் போகலாம். மரத்தடியில் வெடிக்காமல், தெருவில் வெடிக்கலாம் அல்லவா? இரவு நெடுநேரம் வெடிக்காமல், அரசு குறித்த நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா?

நாளைக் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். சத்தம் போடாமல் நில்லுங்கள். வேலியோரச் சருகுக்குள்ளிருந்து ஒரு சீட்டி கேட்டால், அவ்வளவு தூரம் பறந்து வந்தவர் உங்கள் வீட்டையும் நம்பி வந்திருக்கிறார் என்று அறியுங்கள்.