முடி கொட்டுகிறதா?

சகோதரிகளே, சீப்பில் முடி கற்றையாக வருகிறதா? ஈப்போ கடைகளில் எண்ணெய்ப் புட்டிக்குக் காசைக் கொட்டுமுன் யோசியுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் பிரசவமா, டெங்கிக் காய்ச்சலா? அப்படியானால் பெரும்பாலும் தானாகவே நின்று, மெல்ல மெல்ல முளைத்துவிடும்.

நிற்கவில்லையா? இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கலாம். அதை எந்த எண்ணெய் தீர்க்கும்? தோட்டத்து டிரெஸ்ஸர் காலம் போயிற்று. ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரே வெள்ளிதான். டாக்டர் தேவையென்றால் இரத்தம் சோதிப்பார்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் வெங்காயம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு அது படையாகவும் இருக்கலாம். சீழ் பிடித்துத் தழும்பாகிவிட்டால் அவ்விடத்தில் முடி முளைக்காது. கிளினிக்கில் கடிதம் வாங்கினால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தோல் நிபுணரைக் காணலாம்.

போகும்போது, காய்ச்சல் வந்த தேதியையும் சாப்பிடும் மருந்துகளையும் எழுதிக்கொண்டு போங்கள்; முதலில் அதைத்தான் கேட்பார்கள்.